மூன்று வாரத்து நாற்றுகள்

குப்பிகளை அவர் தானே கழுவுகிறார். முழங்கை வரை ஏறும் ரப்பர் உறை, அதற்கு மேல் பழைய பிளாஸ்டிக் முன்துணி, மூக்குக்கண்ணாடியின் மேல் இன்னொரு பெரிய கண்ணாடி. முந்தின நாள் அமிலத் தொட்டியில் ஊறப்போட்ட பீக்கர்களையும் குப்பிகளையும் மூடிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்க்கிறார். குழாய்த் தண்ணீரில் ஒரு முறை, காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று முறை அலசுகிறார். பிறகு மரச்சட்டத்தில் தலைகீழாகச் செருகிவிட வேண்டியதுதான். துடைக்கக் கூடாது. துடைத்தால் துணியில் இருப்பது குப்பிக்குப் போய்விடும். இந்த வேலைக்கென்று நிலையத்தில் ஓர் ஆள் இருக்கிறார். அவர் கையைக் கட்டிக்கொண்டு, கொஞ்சம் சங்கடத்தோடு, பக்கத்தில் நிற்கிறார்.

"நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க. இதுல தப்பு நடந்தா என்னை நானே திட்டிக்கலாம். உங்களைத் திட்டினா எனக்கு ரெண்டு நாளைக்குச் சாப்பாடு இறங்காது."

ஆள் டீ குடிக்கப் போகிறார். தினமும் இதே வசனம், இதே டீ.

பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் இரண்டாவது மாடியில், படிக்கட்டு முடிகிற இடத்தில் இருக்கிறது நாற்று அறை. ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் நாற்றுகளுக்கு எப்போது விடிய வேண்டும், எப்போது இருட்ட வேண்டும் என்பதைச் சுவரில் மாட்டிய ஒரு பெட்டி பார்த்துக்கொள்கிறது. அலமாரித் தட்டுகளில் வரிசையாகப் பிளாஸ்டிக் தொட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் ஓட்டை போட்ட தெர்மாக்கோல் பலகை, ஓட்டைக்கு ஒரு நெல் நாற்று. இலை மேலே, வேர் கீழே தண்ணீருக்குள். மீன் தொட்டியில் போல மெல்லிய குழாய் வழியே காற்றுக் குமிழி வந்துகொண்டே இருக்கும். புதிதாக வருகிறவர்கள் குனிந்து மீனைத் தேடுவார்கள்.

வலது பக்கத் தொட்டிகளில் நல்ல தண்ணீர். இடது பக்கத் தொட்டிகளில் காட்மியம் கரைத்த தண்ணீர். பாட்டரிக் கழிவிலும் முலாம் பூசும் பட்டறைக் கழிவிலும் இருக்கிற உலோகம் அது. பார்வைக்கு இரண்டு தண்ணீரும் ஒன்றுதான். நெல்லின் வேருக்கும் வித்தியாசம் தெரியாது. ஏதோ ஒரு சத்து வருகிறது என்று நினைத்து உள்ளே விட்டுவிடும். "வாசல்ல நிக்கிறவன் இஸ்திரி போட்ட சட்டையோட நின்னா நாமளும் கதவைத் திறந்துடுறோமில்ல, அந்த மாதிரிதான்" என்று இவர் விளக்குவார்.

திறந்துவிட்ட பிறகு நடப்பதை வேரில் பார்க்கலாம். நல்ல தண்ணீர் வேர் வெள்ளையாக, நீளமாக, எண்ணெய் வைத்துச் சீவிய தலைமுடி போல் தொங்கும். உலோகத் தண்ணீர் வேர் பழுப்பேறி, நுனி தடித்து, தேய்ந்த துடைப்பம் மாதிரி நிற்கும். அந்தச் சின்ன வயதில் அடிபட்ட நாற்று பெரும்பாலும் தேறாது. தேற வைப்பதுதான் இவர் வேலை. விதையைச் சிலிக்கா கலந்த தண்ணீரில் ஊறவைத்துப் பார்ப்பார். உமிக்கரியைக் கலந்து பார்ப்பார். கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்துப் பார்ப்பார். ஈரமான கறுப்புத் துணியில் வேரைக் கிடத்தி, சித்திரம் வரைகிற தூரிகையால் ஒவ்வொரு இழையாக நீவி நேராக்கி அளவு எடுப்பார். இருபது வருடத்துக்கு மேல் இதே நீவல். நிலையத்தில் அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறவர் யாரும் இல்லை. அவரைவிட மூத்தவரான இயக்குநர் உட்பட எல்லோருக்கும் அவர் 'வேரக்கா'.

உலோகம் எதுவும் அறைக்குள் வரக் கூடாது என்பதால் வளையல்களைக் கழற்றி வாசலில் ஒரு சோப்பு டப்பாவில் போட்டுவிட்டுத்தான் நுழைவார். இடுக்கி கூடப் பிளாஸ்டிக்தான். பார்க்க வரும் பெரிய மனிதர்கள், "ரொம்பப் பச்சையா இருக்கே மேடம்" என்று பாராட்டுவார்கள். வேரக்காவுக்குப் பிடிக்காத பாராட்டு அது ஒன்றுதான்.

"இலையை விடுங்க. தூக்கிப் பாருங்க."

தூக்கிப் பார்ப்பது அவருக்கு அறையோடு நிற்கவில்லை. கீரைக் கட்டைத் தலைகீழாகப் பிடித்து வேரை ஆராய்ந்துவிட்டுத்தான் வாங்குவார். தட்டைக் கழுவினால் அடிப்பக்கத்தைத்தான் முதலில் தேய்ப்பார். நான் அவருக்குப் பக்கத்து வீடு. போன வருடம் நாங்கள் புதிதாகச் சாப்பாட்டு மேஜை வாங்கியபோது, பார்க்க வந்தவர்கள் எல்லோரும் மேல்பலகையைத் தடவிப் பார்த்தார்கள். வேரக்கா மட்டும் தரையில் மண்டியிட்டு அடியில் தலையை நுழைத்தார். வெளியே வந்து புடவையைத் தட்டிக்கொண்டு, "ஒரு கால்ல விரிசல் இருக்கு. இன்னிக்கே திருப்பிக் குடுத்துடுங்க" என்றார். கடைக்காரர் எங்களோடு மல்லுக்கு நின்றார். மேஜையைக் கவிழ்த்துக் காட்டியதும் அடங்கினார்.

அறையின் இன்னொரு விதி, எந்த நாற்றும் மூன்று வாரத்தைத் தாண்டக் கூடாது. அதற்குள் சேதாரமும் தேறுதலும் தெரிந்துவிடும். பிறகு பிடுங்கி, அடுப்பில் உலர்த்தி, பொடித்து, கீழ்த்தளத்தில் இருக்கும் மெஷின்காரருக்கு அனுப்பிவிடுவார். எவ்வளவு உலோகம் உள்ளே போயிருக்கிறது என்று அவருடைய மெஷின் சொல்லும். மிச்சம் இருப்பதை இரட்டைப் பையில் போட்டு வாயை ஒட்டி, ஆபத்தான குப்பை என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். இத்தனை வருடத்தில் அந்த அறையின் நாற்று ஒன்றுகூடக் கதிர் விட்டதில்லை.

வேரக்காவின் கணவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். இதைச் சொல்லிக் காட்ட ஆள் கிடைத்தால் அவருக்குக் கொண்டாட்டம். "இருபது வருஷமா நெல்லு வளக்கிறா. ஒரு பிடி அரிசி வீட்டுக்கு வந்திருக்கா, கேளுங்க. நான் கடையில இருந்து ரெண்டு கண்ணாடியாவது கொண்டுவந்து போட்டிருக்கேன்."

"அதுல ஒண்ணு பவர் தப்பு" என்பார் வேரக்கா, தலையைத் தூக்காமல்.

மெஷின்காரர் கோடையிலும் சால்வை போர்த்தியிருப்பார். "ஏசி எனக்கு இல்லை, மெஷினுக்கு. அதுக்கு வேர்த்தா தப்பா எண்ணும்" என்பது அவர் சொல்லும் காரணம். வேரக்காவைப் பற்றிக் கேட்டால் தகர வாளிக் கதையைச் சொல்வார். ஒரு முறை உலோகத் தண்ணீரில் நின்ற நாற்றுகள் எல்லாம் அநியாயத்துக்குச் செழித்தன. ஊறவைத்ததும் ஊறவைக்காததும் ஒரே மாதிரி வளர்ந்தன. நிலையமே கைதட்டத் தயாராக இருந்தது. வேரக்கா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அறையில் இருந்த ஒவ்வொரு சாமானையும் கவிழ்த்துப் பார்த்தார். பிளாஸ்டிக் வாளி உடைந்துபோய், யாரோ புதுத் தகர வாளி ஒன்றை வாங்கி வைத்திருந்தார்கள். தகரத்தின் மேல் துத்தநாகப் பூச்சு. அது தண்ணீரில் கொஞ்சம் கரைந்து, காட்மியத்துக்கு முந்திக்கொண்டு வேருக்குள் போயிருந்தது. நாற்றைக் காப்பாற்றியது வாளி.

"கண்டுபிடிச்ச அன்னிக்குத்தான் அவங்க சிரிச்சாங்க" என்றார் மெஷின்காரர். "நல்ல சேதி வந்தா அவங்களுக்குக் கை ஓடாது. கெட்ட சேதி வந்தாத்தான் சரியா சாப்பிடுவாங்க."

வேரக்கா வீட்டில் ஒரு பூந்தொட்டி கிடையாது. பால்கனியில் துணிக்கொடியும் பழைய செய்தித்தாள் கட்டும்தான். நான் ஒரு ரோஜாப் பதியன் கொடுத்தபோது வாங்கி, அடியைத் தூக்கிப் பார்த்து, "நல்ல வேர். நீங்களே வெச்சுக்குங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்படிப்பட்டவர் தன் நாற்று வைத்தியத்தை வெளியே கொண்டுபோனது ஒரே ஒரு தடவைதான். தம்பிக்காக.

தம்பி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். காலையும் மாலையும் பிள்ளைகள். இடையில் அப்பா விட்டுப்போன வயல். ஊருக்கு வெளியே வாய்க்கால் ஓரமாக, மேட்டில் ஒரு துண்டு, பள்ளத்தில் அதைப்போல் இரண்டு பங்கு. வாய்க்காலின் மேற்பகுதியில் குழாய்களுக்கும் கதவுக் கைப்பிடிகளுக்கும் முலாம் பூசும் பட்டறைகள் வந்து பல வருடமாகிறது. சில நாள் தண்ணீர் பச்சையும் நீலமுமாக ஓடும். அந்தத் தண்ணீரைக் குடித்துக் குடித்து மண்ணும் கெட்டது. மூன்று பருவமாக நாற்றங்காலிலேயே நாற்று மஞ்சளித்துக் கருகியது. மேட்டுக்கு அடுத்தாற்போல் இருந்த பட்டறைக்காரர் இன்னொரு கொட்டகை போட இடம் தேடிக்கொண்டிருந்தார். தம்பி மனைவி தீர்த்துச் சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை பார்க்கலாம், அதுவும் போனால் வயலைக் கொடுத்துவிடலாம். அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. கருகிய நாற்றைப் பிடுங்கிக் கொட்டியது மூன்று தடவையும் அவர்தான்.

தம்பி அக்காவிடம் வந்து கேட்டது சமையலறையில். வேரக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்த ரூம்ல நீ என்னதான் பண்றே?"

"நாத்து சாகாம இருக்க வழி பாக்கிறேன்."

"எந்த நாத்து?"

"கெட்ட தண்ணியில நிக்கிற நாத்து."

"என் நாத்து என்ன, பாலிலயா நிக்குது?"

கத்தி நின்றது. "என் நாத்து மூணு வாரத்துக்கு மேல வளந்ததில்லடா. அப்புறம் என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும். அப்புறம் கதிர் வரும்."

வேரக்காவின் தயக்கம் வேறு. நாற்றைப் பிழைக்க வைப்பது ஒரு வேலை, நெல்மணிக்குள் உலோகம் போகாமல் பார்ப்பது இன்னொரு வேலை. முதலாவது முடிந்தால் இரண்டாவது தானாக முடியும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. தம்பி போன பிறகு கணவரிடம் சொன்னதை அவரே பின்னால் என்னிடம் சொன்னார்: "செத்த நாத்து யார் வயித்துக்குள்ளயும் போகாது. பொழைச்சதுதான் போகும்." கணவர், "அப்ப குடுக்காதே" என்றாராம். "குடுக்கலைன்னா வயலை வித்துடுவான்." அதற்குப் பிறகு விளக்கை அணைத்தார்களா, பீன்ஸ் என்ன ஆயிற்று என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் வேரக்கா விடுப்புப் போட்டார். அது நிலையத்தில் பெரிய செய்தி.

விதையைச் சிலிக்காத் தண்ணீரில் ஊறவைக்கச் செய்தார். நாற்றங்காலில் உமிக்கரியும் சுண்ணாம்பும் கலந்தார். வாய்க்கால் தண்ணீரை மறித்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சச் சொன்னார். நாற்று கருகவில்லை. பக்கத்து வயல்காரர்கள் நின்று பார்க்கிற அளவுக்கு எழுந்தது. தம்பி தினம் ஒரு படம் அனுப்புவார், வேனுக்குள் உட்கார்ந்தபடி. எல்லாம் இலையின் படங்கள். "வேரைப் பிடுங்கி எடுத்து அனுப்பு" என்று இவர் பதில் போடுவார். அவர் அனுப்ப மாட்டார்.

நடவு முடிந்த அன்று போனில் ஒன்றை அழுத்திச் சொன்னார் வேரக்கா. மணி முற்றும்வரை வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் நின்றால் மண்ணில் இருக்கும் உலோகம் பூட்டிக்கொண்டு கிடக்கும். மண் காய்ந்து காற்று புகுந்தால் பூட்டு கழன்று வேருக்குப் போகும், வேரிலிருந்து மணிக்குப் போகும். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். எதிர்முனையில் பிள்ளைகள் கத்துவதும் ஹாரன் சத்தமும் எனக்கே கேட்டன. "சரிக்கா, தண்ணிதானே, பாத்துக்கறேன்" என்றது தம்பியின் குரல்.

கதிர் வந்த பிறகு வேரக்காவை வயலுக்கு அழைத்துப்போகத் தம்பி வேனையே கொண்டுவந்தார். நானும் ஏறிக்கொண்டேன். பள்ளிக்கூட வேனில் பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும். வழியெல்லாம் தம்பிதான் பேசினார். எந்த வயல்காரர் என்ன கேட்டார், பட்டறைக்காரர் எப்படி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார், எல்லாம் சொன்னார். வேரக்கா சீட்டில் யாரோ பிள்ளை ஒட்டிவைத்த மிட்டாய்த் தாளைச் சுரண்டிக்கொண்டு வந்தார்.

வயலைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அவருக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. தெர்மாக்கோல் ஓட்டையில் விரல் நீளத்துக்குப் பார்த்த பயிர் இடுப்பளவு நின்றது. ஒரு கதிரைத் தொட்டார், விட்டார். "இவ்வளவு கனமா இருக்குமா" என்று கேட்டார். நெல்லுக்கு வைத்தியம் பார்க்கிறவர் கேட்கிற கேள்வியா என்று தம்பி சிரித்தார். பிறகு பழக்கம் வென்றது. மேட்டு வயலின் ஓரத்தில் குனிந்து, ஒரு தூரை இரண்டு கையாலும் பிடித்து வேரோடு பிடுங்கிவிட்டார்.

"அக்கா, அது கதிர் வந்த பயிர். உன் ரூம் நாத்து இல்லை."

வேரக்கா வேரைப் பார்க்கவில்லை. வேரோடு வந்த மண் பொடியாக உதிர்ந்து செருப்பில் விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி எங்கடா?"

"பள்ளத்துல நிக்குது பாரு."

"இங்க."

"இங்க விடலை. மோட்டார் காயில் எரிஞ்சு போச்சு. கட்டித்தர ஆள் இழுத்தடிக்கிறான். வாய்க்கால் தண்ணிதான் இருந்துது. அதை விடலாமா? அது விஷம்னு நீதானே சொன்னே, எத்தனை வருஷமா சொல்றே."

"சொன்னேன்."

"அதான் மடையை அடைச்சு, வாய்க்கால்ல இருந்து கசிஞ்சு வந்திருந்த தண்ணியையும் வடிச்சு விட்டுட்டேன். ஒரு சொட்டு உள்ள வரலை." அவர் முகத்தில் பெருமை இருந்தது. அக்கா சொன்னதை அப்படியே செய்த பெருமை.

வேரக்கா பிடுங்கிய தூரைக் கீழே போடாமல் கையில் வைத்துக்கொண்டே, "வாய்க்கால் தண்ணியைவிட இப்படிக் காயவிட்டது கெடுதல்டா. விஷம் இப்ப தண்ணியில மட்டும் இல்லை. மண்ணுல உக்காந்திருக்கு. தண்ணிதான் அதை அமுக்கி வெச்சிருந்துது" என்றார்.

"அப்ப வாய்க்கால் தண்ணியாவது விடுன்னு ஒரு போன் பண்ணிச் சொல்லக் கூடாதா?"

"நீ ஒரு போன் பண்ணிக் கேக்கக் கூடாதா?"

இருவரும் வரப்பில் நின்றார்கள். பள்ளத்து வயல் தானாகவே நீரைப் பிடித்து வைத்திருந்தது. மேடு காய்ந்து கீறல் விட்டிருந்தது. இரண்டின் கதிர்களும் ஒரே நிறம், ஒரே பாரம். மேட்டில் கொஞ்சம் கூடுதல் என்றுகூடத் தோன்றியது.

மோட்டாரைக் கட்டி உடனே தண்ணீர் விடச் சொன்னார், விட்டார்கள். ஆனால் மணி பால் பிடித்து முற்றும் காலம் பாதிக்கு மேல் போய்விட்டது. அறுப்பைத் தனித்தனியாகச் செய்யச் சொன்னார். செய்தார்கள். தம்பி மனைவி இரண்டு நெல் அம்பாரத்தையும் பார்த்துவிட்டுப் பட்டறைக்காரரிடம், "கொஞ்சம் பொறுங்க, யோசிச்சுச் சொல்றோம்" என்று சொல்லி அனுப்பினார்.

இரண்டு வயலிலிருந்தும் ஒவ்வொரு பிடி நெல் வேரக்காவோடு வந்தது. கையாலேயே உமி நீக்கி, பொடித்து, அமிலத்தில் கரைத்துக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோனார். ஆளிடம் கொடுத்து அனுப்பவில்லை. மெஷின்காரர் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தார். பிறகு சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "பள்ளம் ஜோரா இருக்கு வேரக்கா. மேடு என்னன்னு உங்களுக்கே தெரியும்" என்றார். தெரியும்தான். ஆனாலும் திரையில் வந்த எண்ணை அவர் நின்று பார்த்தார். அன்று மதியம் வேரக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை என்று மெஷின்காரர் பிற்பாடு சொன்னார். கெட்ட சேதிக்கும் அவருக்குச் சாப்பாடு இறங்காது என்று அப்போதுதான் தெரிந்ததாம்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தார். தையல் மெஷினை இரவல் கேட்கப் போன நான் எழுந்து போக வழியில்லாமல் ஊஞ்சல் பக்கத்து ஸ்டூலில் மாட்டிக்கொண்டேன். கூடத்து மேஜையில் இரண்டு சின்னக் காகிதப் பொட்டலங்கள் பிரித்தபடி இருந்தன. இரண்டிலும் மெஷினுக்குப் போனது போக மிச்ச அரிசி. தீட்டாத அரிசியின் ஒரே வெளிர்ப்பழுப்பு, பார்த்தால் ஒரே பொட்டலத்தை இரண்டாகப் பிரித்தது போல.

"எது எந்த வயல், அக்கா?"

"வலது கைப் பக்கம் பள்ளம். சாப்பிடலாம், விக்கலாம். இது மேடு. ஆகாது."

தம்பி இரண்டையும் மோந்து பார்த்தார். "எவ்வளவு கூட?"

"இவ்வளவுதான் இருக்கலாம்னு ஒரு கோடு உண்டு. மேடு அதுல ஒண்ணரை மடங்கு. பள்ளம் கோட்டுல பாதி கூட இல்லை."

கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். தம்பி மேஜையில் விரலால் ஏதோ வரைந்தார். வேன் ஓட்டுகிறவருக்கு மனக்கணக்கு கை வந்த கலை. எத்தனை பிள்ளை, எத்தனை நிறுத்தம் என்று தினமும் போடுகிற கணக்கு.

"பள்ளம் ரெண்டு பங்கு, மேடு ஒரு பங்கு. ரெண்டையும் ஒண்ணாக் கொட்டிக் கலந்தா, கோட்டுக்குக் கீழ வந்துடுமில்ல?"

கணவர் துடைப்பதை நிறுத்தினார்.

"வரும்" என்றார் வேரக்கா. கணக்கில் அவர் பொய் சொல்ல மாட்டார்.

"உன் மெஷின்ல போட்டாலும்?"

"போட்டாலும் சரின்னுதான் காட்டும்."

"அப்ப என்ன?"

"மேட்டுல இருக்கிறது எங்கயும் போயிடாதுடா. பிரிச்சுக் குடுத்துடுறே, அவ்வளவுதான்."

"நான் மட்டும் தப்பிச்சுக்கிட்டு ஊருக்குக் குடுக்கலை அக்கா. என் வீட்டுச் சட்டிக்கும் அதே மூட்டையில இருந்துதான் எடுப்பேன். அவளும் பிள்ளைகளும் அதைத்தான் சாப்பிடுவாங்க." தம்பியின் குரல் இறங்கிப்போயிருந்தது. "மேட்டுல வந்தது ஆகாதுன்னு அவகிட்ட போய்ச் சொன்னேன்னு வெச்சுக்கோ. மேட்டை மட்டும் பட்டறைக்காரருக்குக் குடுத்துடலாம்னு இன்னிக்கே சொல்லிடுவா. மேட்டு மேலதான் பாதை. மேடு போனா பள்ளத்துக்கு நான் எப்படிப் போவேன், பறந்தா?"

"மாப்ளே" என்றார் கணவர். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "காபி போடட்டுமா?"

"இருங்க மாமா." தம்பி அக்காவையே பார்த்தார். "நீ சொன்னா சொன்னதுதான். அன்னைக்கும் நீ சொன்னதைத்தான் செஞ்சேன். நாத்தைப் பொழைக்க வெச்சது நீ. இதையும் நீயே சொல்லிடு. கலக்கட்டுமா, வேண்டாமா?"

வேரக்கா பொட்டலங்களை மடிக்கத் தொடங்கினார். முதலில் ஒன்று. சிந்திய இரண்டு அரிசியை விரல் நுனியில் ஒற்றி எடுத்து, எதில் இருந்து சிந்தியது என்று பார்த்து, அதிலேயே போட்டு மூடினார். பிறகு மற்றது. வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்றாக எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அக்கா."

உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. திறக்க ஒரு கை வேண்டும். இரண்டு பொட்டலத்தையும் ஒரே கையில் சேர்த்துப் பிடிக்க அவர் முயலவில்லை. முழங்கையால் தாழ்ப்பாளை அழுத்தி, தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு, உள்ளே போய்விட்டார்.